ஆமா சாரும் விளக்குப் பெட்டியும்

வீட்டில் எலி, வெளியில் புலி என்று ஆண்களைச் சொல்வார்கள். நான் அதைத் தலைகீழாகப் பாடம் செய்தவள். வீட்டில் நான் புலி. குழாய் சொட்டினால் அம்மாவைப் பார்த்து உறுமுவேன், சோப்பு கரைந்திருந்தால் தங்கையைக் கடிப்பேன், செருப்பு இடம் மாறியிருந்தால் அப்பாவைக்கூட விடமாட்டேன். கம்பெனி வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் வால் சுருண்டுவிடும். "சரிங்க சார்", "பரவாயில்லைங்க சார்", "நானே பண்ணிடறேன் சார்." ஒரு நாளைக்கு நான் பேசும் மொத்தமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மீதியை வாயில் அதக்கிக்கொண்டு பஸ் ஏறி, வீட்டு வாசலில் வந்து துப்புவேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் நான் துப்புவதை யாரும் கேட்பதில்லை. படித்த பிள்ளைக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். நான் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருக்கிறேன். "நான் அடிக்கறேன், என் பொண்ணு கண்டுபிடிக்கறா" என்று ஏணிமேல் நின்றபடியே வீட்டுக்காரர்களிடம் சொல்லுவார். நான் ஒரு மண்ணும் கண்டுபிடிக்கவில்லை. வாடிக்கையாளர் ஒரு துணியையோ தரைக்கல்லையோ கொடுத்து இதே நிறம் வேண்டும் என்பார். நான் சாயங்களைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஓர் அட்டையில் பூசி, காயவைத்து, விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போகும்வரை பார்ப்பேன். அவ்வளவுதான் உத்தியோகம். வெள்ளைக் கோட்டு இருப்பதால் அப்பாவுக்கு விஞ்ஞானியாகத் தெரிகிறேன்.

ஆய்வகத்தில் எனக்கு மேல் ஒருவர். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, ஆமா சார் என்பார்கள். மேனேஜர் கேள்வியை முடிப்பதற்குள் அவரிடமிருந்து "ஆமா சார்" வந்துவிடும். ஒருமுறை மேனேஜர் போனில் யாரையோ, "உனக்கு மூளையே கிடையாதாய்யா?" என்று கத்த, பக்கத்தில் நின்ற இவர் பவ்யமாக "ஆமா சார்" என்றார். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆனால் மேனேஜர் இல்லாத இடத்தில் அவருக்கு மூளை நன்றாகவே வேலை செய்யும். ஒரு நிறம் சரியாக வந்தால், "நான் பண்ணேன் சார்." சொதப்பினால், "பாப்பா பண்ணுச்சு சார்." பாப்பா நான்தான். எனக்கு இருபத்து மூன்று வயது.

ஒரு வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்குவதா, இன்னும் தள்ளிப்போடுவதா என்று மேனேஜர் சொல்வதாக இருந்தது. நிரந்தரமானால் அப்பா ஏணியிலிருந்து இறங்குவார். அவருடைய வலது முட்டி எப்போதோ இறங்கிவிட்டது, அவர்தான் இறங்கவில்லை. "உனக்கு வேலை நிலைச்சதும் நான் கீழ நின்னு மேல பார்க்கிறவன் ஆயிடறேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரம் பார்த்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் பச்சை ஒன்று செய்திருந்தேன். அவர்கள் கொடுத்தது ஒரு தரைக்கல். அதன் பச்சை லேசில் பிடிபடவில்லை. எத்தனையோ அட்டை பூசி, கடைசியில் ஒன்று கல்லோடு கல்லாக உட்கார்ந்தது. ஆமா சார் அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் வாயசைவைப் பார்த்தேன். "நான் பண்ணேன் சார்."

சரி, இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறதாம். கைப்பேசியில் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் சொல்லிக்கொடுத்தார். மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும். 'நீங்கள்' என்று ஆரம்பிக்கக் கூடாது, எதிராளி முறைத்துக்கொள்வார். 'எனக்கு' என்று ஆரம்பிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை வைத்தேன். தங்கை, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுபவள், ஆமா சார் வேடம். அப்பா மேனேஜர். அம்மா ரசிகர் கூட்டம்.

மூச்சை இழுத்தேன். "எனக்கு ஒரு விஷயம் வருத்தமா இருக்கு."

"என்ன பாப்பா, வயிறு சரியில்லையா?" என்றாள் சின்னவள். பார்த்தே இராத மனிதரை அவள் எப்படி உரித்து வைத்தாள் என்று தெரியவில்லை. செல்போன் கடை கவுண்டரில் நிற்பவள், தினம் நூறு விதமான மனிதர்களைப் பார்க்கிறாள்.

"நான் பண்ண ஷேடை நீங்க பண்ணதா சொன்னப்ப எனக்கு..."

"அடடா, நம்ம லேபு ஒரு குடும்பம் பாப்பா. குடும்பத்துல உன்னுது என்னுதுன்னு பிரிப்பாங்களா? போய் தண்ணி குடி."

அதற்குப் பதிலைக் கோட்டுக்காரர் சொல்லிக்கொடுக்கவில்லை. நேராக மேனேஜரிடம் போனேன். அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்தப் பச்சை நான் பண்ணது."

அப்பா சட்டென்று எழுந்து நின்று கையைப் பின்னால் துடைத்துக்கொண்டார். "சரிங்க மேடம். நாளைக்கே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"மேனேஜர் எதுக்குங்க எந்திரிக்கிறாரு?" என்றாள் அம்மா.

"தெரியலடி. அவ குரலை உசத்தினதும் கால் தானா எந்திரிச்சிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். "ஒருத்தருக்காவது என் கஷ்டம் புரியுதா இந்த வீட்டுல" என்று கத்தினேன்.

"பாத்தியா, இது வருது," என்றாள் சின்னவள். "அக்கா, உனக்குக் கோவமெல்லாம் நிறைய இருக்கு. ஆனா ஆளைப் பாத்துத்தான் வருது. யாரு திருப்பி அடிக்க மாட்டாங்களோ அவங்ககிட்டதான் வரும்."

"பத்தாவதோட நின்னவ எனக்குச் சொல்ல வந்துட்டா."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று என் காதுக்குக் கேட்டது. அப்பா மேனேஜர் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார். சின்னவள் ஏன் பத்தாவதோடு நின்றாள் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஒரு வீட்டில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஒரே கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். அந்த முதுகு நன்றாகவே பேசியது.

புதன்கிழமை அந்தப் பச்சை கீழே பெரிய தொட்டியில் கலக்கப்பட்டது. கீழ்த்தளத்துக்குப் பொறுப்பு கலவை அக்கா. அம்மா வயதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஏதாவது ஒரு நிறம். அவள் அனுப்பிய மாதிரி அட்டை மேலே வந்தது. அதைத் தரைக்கல்லோடு சேர்த்து விளக்குப் பெட்டியில் வைத்தேன். ஒத்துப்போகவில்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது, அட்டை கொஞ்சம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. நான் செய்த நிறத்தை ஒருவர் திருடினார், இன்னொருவர் கெடுத்துவிட்டார். ஆமா சார் எதிர் மேசையில்தான் இருந்தார். நான் அவரைத் தாண்டி, அட்டையைத் தூக்கிக்கொண்டு, படி இறங்கிப் போனேன். என் கால்கள் ஏன் அவரைத் தாண்டின என்று அப்போது யோசிக்கவில்லை. கால்களுக்குத் தெரிந்திருந்தது.

மூச்சை ஆழமாக இழுத்தேன். 'எனக்கு' என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன்.

"உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?" என்று வந்தது.

தளத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினேன். ஒத்திகையில் வராத அத்தனையும் வரிசை கட்டி வந்தது. அடுத்தவர் உழைப்பு என்றால் இவ்வளவு இளக்காரமா என்றேன். பொறுப்பு என்று ஒன்று உண்டா என்றேன். ஆமா சாருக்காக நான் செதுக்கி வைத்திருந்த வசனம் முழுவதையும், ஓர் எழுத்துக் குறையாமல், கலவை அக்காவுக்குக் கொடுத்தேன்.

அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரிங்க மேடம். சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றாள்.

படி ஏறும்போது நான் ஓர் அடி உயர்ந்திருந்தேன். வாயில் ஒன்றும் மிச்சமில்லை. இன்றைக்கு வீட்டில் யாரையும் கடிக்க வேண்டியிருக்காது என்றுகூட நினைத்தேன். அந்த மிதப்பில், சாம்பலைக் குறைக்க எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போட மறுபடி விளக்குப் பெட்டி முன் உட்கார்ந்தேன். அப்போதுதான் பெட்டியின் பக்கத்தில் இருந்த சுவிட்ச் கண்ணில் பட்டது.

அந்தப் பெட்டியில் இரண்டு வெளிச்சம் உண்டு. ஒன்று பகல், இன்னொன்று கடை விளக்கு. இரண்டும் வெள்ளைதான், பழகிய கண்ணே ஏமாறும். ஆனால் பகலில் ஒட்டிப் பிறந்த இரட்டையாக இருக்கும் இரண்டு பச்சை, கடை விளக்கில் சொத்துப் பிரித்த பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும். கல்லில் இருக்கும் சாயம் வேறு, பெயிண்டில் இருக்கும் சாயம் வேறு. அதனால்தான் பெட்டியில் எதை வைக்கும் முன்பும் முதலில் சுவிட்சைப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம். சுவிட்ச் கடை விளக்கில் இருந்தது.

பகலுக்குத் தள்ளினேன். கல்லும் அட்டையும் என் கண் முன்னாலேயே சமாதானம் ஆகிவிட்டன. எது கல், எது அட்டை என்று விளிம்பை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அக்கா கலந்தது அப்படியே என் பச்சை.

தோளுக்குப் பின்னால் ஆமா சார் எட்டிப் பார்த்தார். "அடடா. நேத்து டீலர் வந்தப்ப நான் மாத்தினேன் பாப்பா. திருப்பி வைக்க மறந்துட்டேன் போல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"முகத்தை ஏன் அப்படி வச்சிக்கறே? இதெல்லாம் ஒரு விஷயமா? நாம ஒண்ணு பண்ணலாம். கலவைல தப்புன்னே இருக்கட்டும். அந்தம்மா எதையாவது ரெண்டு மக் ஊத்துவாங்க, அப்புறம் நாம அதைச் சரி பண்ணி எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை உன் விஷயம் வேற வருதில்ல? நாம எதுக்கு வாயைக் குடுக்கணும்?"

இத்தனை நாளில் முதன்முறையாக அவர் என்னையும் சேர்த்து 'நாம' என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்க இதமாகத்தான் இருந்தது. ஒரு கணம் தடுமாறினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். நிஜத்தில் ஒரு டீ நேரம் முழுக்கத் தடுமாறினேன். அக்காவுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை உண்டு, இன்னொன்று விழுந்தால் பகல் வேலை போய் இரவுக்கு மாற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். அப்பாவின் முட்டியை நினைத்தேன். முட்டியை நினைத்தால் அப்பா வந்தார். அப்பா வந்தால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கையைப் பின்னால் துடைத்துக்கொண்டு, "சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றது வந்தது.

அந்த வார்த்தையை இன்று வேறு ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார். அப்பாவை ஏணியடியில் நிறுத்தித் திட்டும் வீட்டுக்காரர்களை நான் சின்ன வயதிலிருந்து சபித்திருக்கிறேன். அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். "பாப்பா, எங்கே?" என்றபடி ஆமா சாரும் பின்னாலேயே வந்தார்.

கீழே மேனேஜர் நின்றிருந்தார். நான் போட்ட சத்தம் அவர் அறைவரை போயிருக்கிறது. தொட்டி இப்போது ஓடிக்கொண்டிருந்தது, அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அக்கா பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் நிறைந்த மக் தயாராக இருந்தது. எனக்கு ஒரு யோசனை. இந்த இரைச்சலிலேயே மன்னிப்பு கேட்டுவிட்டால் கேட்டதாகவும் ஆகும், யாருக்கும் கேட்காமலும் போகும். வீரம் அந்த அளவில்தான் இருந்தது.

"தப்பு என்னோடது" என்று முணுமுணுத்தேன்.

அக்கா காதைக் காட்டினாள். "கேக்கல."

"தப்பு என்னோடது."

"கேக்கலீங்க மேடம். காலைல நல்லாக் கேட்டுச்சு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வயிற்றிலிருந்து முழுக் குரலையும் எடுத்தேன். நான் எடுக்கவும் அக்கா சிவப்புப் பட்டனை அழுத்தவும் சரியாக இருந்தது. தொட்டி நின்றது. அந்த நிசப்தத்தில் "தப்பு என்னோடதுதான்" என்று நான் மட்டும் தனியாக அலறிக்கொண்டிருந்தேன். சாமான் அறையிலிருந்துகூட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இப்பக் கேட்டுச்சு," என்றாள் அக்கா.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, தப்பை ஒத்துக்கறியா, சண்டைக்கு வந்திருக்கியா?"

"ரெண்டும்தான் சார்." எனக்கு வேறு குரல் இல்லை. மன்னிப்புக்கென்று தனியாக ஒரு குரல் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "பெட்டி கடை விளக்குல இருந்தது. சுவிட்சைப் பாக்காம வந்து கத்திட்டேன். இவங்க கலந்தது சரி. எதையும் ஊத்த வேணாம். எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், மன்னிச்சுடுங்க அக்கா."

"பெட்டியைக் கடை விளக்குக்கு யாரு மாத்தினது?" மேனேஜர் ஆமா சார் பக்கம் திரும்பினார். "நீயா?"

"ஆமா சார்."

சொன்ன பிறகுதான் ஆமா சாரின் முகம் மாறியது. பழக்கம் அவரை முந்திக்கொண்டுவிட்டது. வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். மூச்சை அடக்க முடியுமா?

"இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் உனக்கும் தெரியுமா?"

"ஆமா சார்."

மேனேஜர் தயாராக இருந்த மக்கைப் பார்த்தார். "தெரிஞ்சும் கலவைல தப்புன்னு விட்டுடலாம்னு பாத்தீங்களா?"

"ஆமா சார்," என்றார் அவர். "ஆமாம்," என்றேன் நானும். நானும் ஒரு டீ குடித்தேனே.

இனிமேல் போவதற்கு ஒன்றும் இல்லை என்றால் ஒரு துணிச்சல் வரும் பாருங்கள், அது வந்தது. கோட்டுக்காரர் சொன்ன எதுவும் ஞாபகத்தில் இல்லை. "சார், இன்னொண்ணு. இந்தப் பச்சை நான் பண்ணது."

மேனேஜர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஆமா சாரைப் பார்த்தார். "அப்படியா?"

பாவம், அந்த மனிதர் தன் உதட்டைக் கடித்துக்கூடப் பார்த்தார். "ஆமா சார்."

கலவை அக்கா பெயிண்ட் மக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "வசனமெல்லாம் முடிஞ்சுதுன்னா தொட்டியைப் போடலாமா?" என்றாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. அன்றிலிருந்து என்னை விளக்கு மேடம் என்று கூப்பிடுகிறாள். கீழ்த்தளம் முழுவதும் அப்படித்தான் கூப்பிடுகிறது. மாதிரி அட்டை அனுப்பும்போது, "விளக்கு மேடம், சுவிட்சைப் பாத்துட்டீங்களா?" என்று படியடியில் நின்று குரல் கொடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டேன் என்று பதில் கத்த வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "மூணு மாசம் தள்ளி வைக்கிறேன்மா."

எனக்குள் ஓர் ஏணி ஆடியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் 'பரவாயில்லைங்க சார்' என்பேன். அது தொண்டைவரை வந்தது. "எதுக்கு சார்?" என்றேன். "விளக்கைப் பாக்காததுக்கா, கத்தினதுக்கா, ஒத்துக்கிட்டதுக்கா?"

"முதல் ரெண்டுக்கு."

"மூணாவதுக்கு?"

"அதனாலதான் தள்ளி மட்டும் வைக்கிறேன். இல்லேன்னா அனுப்பியிருப்பேன்."

நியாயம்தான். எரிச்சலாக இருந்தாலும் நியாயம். "சரி சார். ஆனா அந்த மூணு மாசத்துல நான் பண்றது எதுன்னு உங்களுக்குத் தெரியணும். இனிமே ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாடியும் யார் பண்ணாங்களோ அவங்க கையெழுத்து இருக்கட்டும். சரியா வந்தாலும் சரி, சொதப்பினாலும் சரி."

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "ஏம்ப்பா, அட்டைல கையெழுத்துப் போட்டுடலாம்ல?" என்றார்.

வெளியிலிருந்து பதில் வந்தது. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டார். "தள்ளிப் போச்சா? போகட்டும் விடு. முட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

"மூணு மாசம்ப்பா. இந்தத் தடவை என் தப்பு."

"உன் தப்பா?" அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்து அவர்கள் கேட்டதில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

சின்னவள் உள்ளே கண்ணாடி முன் உட்கார்ந்து ஹேர் டிரையரில் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த இயந்திரம் ஒரு சின்னக் கலவைத் தொட்டி அளவுக்குச் சத்தம் போடும். பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி முடியை இந்தப் பக்கம் தள்ளினாள். இந்தச் சத்தத்திலேயே சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. எலிக்கு எந்த வளை பார்த்தாலும் நுழையத் தோன்றும்.

கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை நானே அணைத்தேன்.

"என்ன?" என்றாள். இத்தனை நாளில் முதல் வார்த்தை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கத்தாமச் சொல்லு."

"கத்தாமச் சொல்ல எனக்கு வரல."

அவள் சீப்பை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சரி, கத்தியே சொல்லு. ஆனா அப்பா அம்மாவுக்கும் கேக்கணும். அன்னிக்கு அவங்களுக்கும் கேட்டுச்சில்ல."